51-வது ஆளு என்ன பண்ணுவான்?

ரொம்ப நாளா ட்ராஃப்ட்லயே கிடந்த பதிவு இது. வழக்கமான மொக்கை இல்ல, கொஞ்சம் சீரியஸ். பொறுத்துக்கோங்க மக்கா.

நமக்கு ஊரு ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணி கடலுக்குப் போறதுக்கு முன்னாடி உள்ள கடைசி அணைக்கட்டு எங்க ஊருலதான். அப்பாவுக்கு வாழைக்காய் மண்டியில கணக்கெழுதற வேலை. 2015-ல இஞ்சினியரிங் சீட் கிடைச்சப்ப வீட்டுல காசு இல்ல, ஆனா பேங்க்ல கல்விக் கடன் கிடைச்சுது. நாலு லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் வேண்டாம், அப்பா கையெழுத்து போதும். நாலு வருஷப் படிப்பும் அதுலயே ஓடிருச்சு.

கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன், பேரு வேண்டாம். கட்-ஆஃப் என்னை விட அதிகம். வீடு இலங்கைத் தமிழர் முகாம்ல. (எங்க தூத்துக்குடி மாவட்டத்துலயே, எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தியில முகாம் இருக்கு. எங்க ஊருல முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது.) அப்பாவுக்கு பெயிண்ட் வேலை. பையன் பொறந்தது, ஒண்ணாப்புல இருந்து படிச்சது எல்லாம் தமிழ்நாட்டுலதான். எங்ககிட்ட "ஏல மக்கா"ன்னுதான் பேசுவான். அம்மா போன் பண்ணினா மட்டும் "ஓம் அம்மா, சாப்பிட்டுட்டன்"னு குரலே மாறிடும்.

அதே கடன் ஃபாரத்தை அவனும் ஒரு பேங்க்ல வாங்கினான். தேசியம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அங்க வந்து பேனா நின்னு போச்சு. "தம்பி, இந்தியக் குடிமக்களுக்குத்தான் இந்தத் திட்டம்"னு மேனேஜர் சொல்லிட்டார். அவர் மேல தப்பு சொல்ல முடியாது, விதி அப்படி.

இங்கயே பொறந்தவன் எப்படி இந்தியன் இல்லாம போவான்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்தியாவுல பொறந்திருந்தா பிறப்பாலேயே குடிமகன். அதுக்கப்புறம் பொறந்தவங்களுக்கு அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும். 2004 டிசம்பர் 3-க்கு அப்புறம் இன்னும் இறுக்கம், அந்த இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக் கூடாது. குண்டுக்கு பயந்து ராமேஸ்வரத்துக்கு படகுல வந்தவங்க எந்த பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்திருப்பாங்க? ஆக இப்ப முகாம்ல இருந்து காலேஜுக்குப் போற பிள்ளைங்க, இலங்கையைக் கண்ணால பார்க்காமலேயே 'சட்டவிரோதக் குடியேறி'. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இவங்க இல்ல. 2015 ஜனவரி 9-க்கு முன்னாடி வந்து பதிவு பண்ணினவங்களுக்கு தண்டனையில இருந்து விலக்குன்னு 2025 செப்டம்பர்ல மத்திய அரசு ஆணை போட்டுச்சு. நல்லதுதான். ஆனா அது குடியுரிமை இல்ல. ஃபாரத்துல உள்ள கட்டம் அப்படியேதான் இருக்கு.

நண்பன் எப்படிப் படிச்சான்? ஞாயித்துக்கிழமை அப்பாகூட பெயிண்ட் அடிக்கப் போனான். முகாம்ல கணக்கெடுப்பு வரும்போது ஹாஸ்டல்ல இருந்து ஓடுவான், பேரு விட்டுப் போச்சுன்னா வீட்டுக்கு வர்ற உதவித்தொகைக்கே பிரச்சினை. முகாம் மாணவர்களுக்கு அரசு கொடுத்த படிப்பு உதவி, இஞ்சினியரிங் மாதிரி தொழிற்படிப்புக்கு வருஷம் 5,000 ரூபாய். எங்க மெஸ் பில்லுக்கே காணாது. ஒவ்வொரு செமஸ்டரும் ஃபீஸ் கட்ட கடைசி நாள் அன்னைக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

ஒரு காலத்துல முகாம் பிள்ளைங்களுக்கு தொழிற்படிப்புல தனியா இடமே ஒதுக்கியிருந்தாங்க. 1991 மே 21-க்கு அப்புறம் எல்லாம் போச்சு, பள்ளிக்கூடத்துல சேர்றதுக்கே தடை வந்துச்சு. ராஜீவ் காந்தி கொலைக்கும் ஒண்ணாப்புல சேர வந்த பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. அந்தக் காலத்துலயும் 1984-ல சந்திரஹாசன் ஆரம்பிச்ச ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் மாதிரி அமைப்புகள்தான் பிள்ளைங்களைப் படிப்புல பிடிச்சு நிறுத்துச்சு.

2021 ஆகஸ்ட் 27-ல சட்டசபையில முதல்வர் மு.க.ஸ்டாலின் 317 கோடி ரூபாய் திட்டத்தை அறிவிச்சார். அந்த 5,000 ரூபாய் 20,000 ஆச்சு. கலை, அறிவியல் படிக்கறவங்களுக்கு 3,000-ல இருந்து 12,000. பொறியியல் சேர்றவங்கள்ல மார்க் அடிப்படையில முதல் 50 பேருக்கு கல்லூரி, விடுதிக் கட்டணம் முழுக்க அரசே கட்டும்னாங்க. வாசிச்சுட்டு அவனுக்கு போன் பண்ணினேன். "நல்ல விஷயம் மக்கா. 51-வதா வர்றவன் என்ன பண்ணுவான்?"னு கேட்டான்.

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு. ஊர்ப் பையன் 51-வதா வந்தா பேங்குக்குப் போவான். முகாம் பையனுக்கு அந்த வழி கிடையாது. 20,000 போக மிச்சத்துக்கு கந்துவட்டிதான். அன்னைக்கு அரசு சொன்ன கணக்குப்படி முகாம்கள்ல இருந்தவங்க 58,822 பேர், வெளியில பதிவு பண்ணி இருந்தவங்க 34,087 பேர். இதுல வருஷத்துக்கு எத்தனை பேர் இஞ்சினியரிங் சேர்ந்துடப் போறாங்க? 50-ங்கற எல்லையை எடுத்துட்டா அரசு கஜானா ஒண்ணும் காலியாகாது.

குடியுரிமை டெல்லி கையில, நாம என்ன செய்யன்னு சொல்லுவாங்க. கலிஃபோர்னியா என்ன செஞ்சுது? ஆவணம் இல்லாத மாணவர்களுக்கு அந்தஸ்து கொடுக்கற அதிகாரம் அந்த மாநிலத்துக்கும் கிடையாது. ஆனாலும் 2001-ல உள்ளூர் மாணவர்களுக்கான கட்டணம் போதும்னு சட்டம் போட்டுச்சு, 2011-ல மாநில உதவித்தொகையையும் திறந்து விட்டுச்சு. டெக்சாஸும் 2001-லயே கட்டணத்தைக் குறைச்சுது, ஆனா 2025 ஜூன்ல மத்திய அரசு வழக்கு போட்ட அன்னைக்கே அந்தச் சலுகையைக் கைவிட்டுச்சு. மாநிலம் மனசு வெச்சா கொடுக்கவும் முடியும், பறிகொடுக்கவும் முடியும்.

என்னைக் கேட்டா ரெண்டு காரியம் உடனே செய்யலாம். ஒண்ணு, கவுன்சிலிங்ல சீட் வாங்கற ஒவ்வொரு முகாம் பிள்ளைக்கும் முழு ஃபீஸ், வெளிப்பதிவுல இருக்கறவங்களையும் சேர்த்து. இன்னொண்ணு, மாநில அரசே ஜாமீன் நின்னு கூட்டுறவு பேங்க் வழியா கல்விக் கடன். மருத்துவம் தனி சோகம். அரசு ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ். சீட்டுக்கே இந்தியக் குடியுரிமை வேணும். அதைத் தனிப் பதிவா எழுதறேன்.

நண்பன் இப்ப சென்னையில ஒரு சின்ன கம்பெனியில வேலை பார்க்கான். கோடு என்னை விட நல்லாவே எழுதுவான். அவன் தங்கச்சி இந்த வருஷம் ப்ளஸ் டூ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணுமாம்.