ஆறு நாள் கல்விச் சுற்றுலாவும் ஒரு பளேகாட் சாரனும்

முகாமைத்துவம் படிக்கும் மாணவர்களை வெளிநாட்டுக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிச் செல்வது நமது உயர்கல்வி நிறுவனங்களில் இப்போது வழக்கமாகிவிட்டது. ஆறு நாள் அல்லது ஏழு நாள். ஒரு வங்கி, ஒரு தொழிற்சாலை, ஒரு பல்கலைக்கழகம், கடைசியில் உயரமான கட்டடமொன்றின் அடியில் நின்று எடுத்த படம். திரும்பியதும் ஓர் அறிக்கை. அந்த அறிக்கைகளை வருடக்கணக்கில் திருத்தி வருபவன் நான். பெரும்பாலானவற்றில் அந்தந்த நிறுவனங்கள் தம்மைப் பற்றி எழுதிவைத்திருப்பதே திரும்பவும் இருக்கும். 2023 நவம்பரில் 26 மாணவர்களுடன் மலேசியாவுக்குப் புறப்பட்டபோது, இம்முறை மட்டும் வேறாக இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

ஆனால் செலவு நெஞ்சை உறுத்தியது. 2022 நெருக்கடிக்கு முன்னர் ஐம்பது ரூபாய்க்குக் கிட்ட இருந்த ஒரு ரிங்கிட், நாங்கள் போகும்போது எழுபது ரூபாயளவில் நின்றது. பிள்ளைகள் ஒரு தேநீரை வாங்கினாலும் எழுபதால் பெருக்கிப் பார்த்துவிட்டே வாங்கினார்கள். மருதமுனையிலிருந்து வந்த மாணவி ஒருத்தியின் உம்மா, சீட்டுக் காசை முன்கூட்டி எடுத்து மகளை அனுப்பியிருந்தார். அந்தக் காசுக்கு இந்தப் பிள்ளை எதைக் கொண்டு திரும்பப் போகிறாள் என்ற கேள்வி ஆறு நாளும் என்னோடு வந்தது.

முதல் மூன்று நாட்கள் கோலாலம்பூரில். 1998ஆம் ஆண்டளவில் உலகின் மிக உயர்ந்த கட்டடம் என்று பேர்பெற்ற இரட்டைக் கோபுரத்தைப் பிள்ளைகள் படம் பிடித்தார்கள். 452 மீற்றர் என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னான். அதற்குமேல் சொல்ல ஒன்றுமிருக்கவில்லை. அவர்களை நிறுத்திவைத்தது வேறொரு கட்டடம். துன் றசாக் வீதியில், இடை சிறுத்து மேலும் கீழும் விரிந்து, உடுக்கை போல நிற்கும் தாபுங் ஹாஜி தலைமையகம். அதைத் தாங்கும் ஐந்து தூண்களும் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைக் குறிக்கின்றன. அதன் கதையை அன்று மாலை பல்கலைக்கழகமொன்றில் விரிவுரையாகக் கேட்டோம்.

அந்தக் காலத்தில் மலாய்க் கிராமத்தவர்கள் ஹஜ்ஜுக்காகக் காசு சேர்த்தது வீட்டுக்குள்ளேதான். வட்டிக்குப் பயந்து வங்கிப் பக்கம் போகமாட்டார்கள். போதாததற்குக் காணியையும் மாட்டையும் விற்றுவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. இதை அவதானித்த பொருளியலாளர் உங்கு அஸீஸ் 1959இல் ஒரு திட்டத்தை எழுதினார். வட்டியில்லாமல் சிறுகச் சிறுகச் சேமிக்கவும், சேர்ந்த பணத்தை ஆகுமான தொழில்களில் முதலிட்டு வரும் இலாபத்தைப் பங்கிடவும் ஒரு நிறுவனம் வேண்டும் என்பதுதான் அது. 1963இல் அது இயங்கத் தொடங்கியது. மலேசியாவின் முதலாவது இஸ்லாமிய வங்கி வந்தது அதற்கு இருபது வருடங்கள் கழித்து, 1983இல்.

விரிவுரையாளர் மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. 2018இல் அந்த நிறுவனத்தின் கடப்பாடுகள் சொத்துக்களை விஞ்சிவிட்டமை வெளிவந்ததையும், பெறுமதி குறைந்த சொத்துக்களை நிதியமைச்சின் கீழான வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிச் சீர்செய்ய வேண்டியேற்பட்டதையும் சொன்னார். ‘ஹஜ்’ என்ற பெயர் மட்டும் கணக்கை நேராக்கிவிடாது என்றார்.

பஸ்ஸில் ஏறியதும் மருதமுனைப் பிள்ளை சொன்னாள்: “எங்கட மூத்தம்மாவும் இப்பிடித்தான் சேர், பால்மாப் பேணிக்குள்ள சேத்தாங்க. போகக் கிடைக்கல்ல. மௌத்தாகிட்டாங்க.” பேணிக்குள் கிடந்த ரூபாயைப் பணவீக்கம் எப்படித் தின்றிருக்கும் என்பதை அதன்பிறகு அவர்களே கணக்குப் போட்டார்கள். வகுப்பறையில் மூன்று பாடவேளை எடுத்தும் விளங்காத விடயம் அது.

மூன்றாம் நாள், பேரங்காடி ஒன்றில் ஒரு பொருளைத் தேர்ந்து அதன் வழங்கல் சங்கிலியை எழுதுமாறு ஒரு பயிற்சி கொடுத்தேன். எங்கள் குழுவில் சிங்கள மாணவர்கள் நால்வர் இருந்தார்கள். அம்பாறையிலிருந்து வந்த பையன் ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதிலும் ஹலால் இலச்சினை இருந்தது. “சேர், இதைப் பார்த்து இங்கே யாருக்கும் கோபம் வருவதில்லையா?” என்று கேட்டான். கேலியாக அல்ல, உண்மையாகவே கேட்டான். வருவதில்லை என்றேன். சீன முதலாளியும் பல்தேசியக் கம்பனியும் வரிசையில் நின்று அந்த இலச்சினையைப் பெறுகிறார்கள். அவர்களுக்கு அது சந்தைக்குள் நுழையும் கடவுச்சீட்டு. நமது நாட்டிலோ 2013இல் அதே இலச்சினை தெருவுக்கு வந்து, ஜம்இய்யத்துல் உலமா ஹலால் சான்றிதழ் வழங்கும் பணியிலிருந்தே விலகவேண்டி வந்தது. அப்போது இந்தப் பிள்ளைகளுக்கு வயது பத்தோ பதினொன்றோ.

மறுநாள் பினாங்கு நோக்கிய நெடும் பயணத்தில் அவனே பேச்சை எடுத்தான். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கொத்துக்குள் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய கதையை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, ஒரு வாரத்தில் திகன எரிந்தது. உணவில் கிடந்தது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் சொன்னது. “எனக்கு அப்போது பதினாறு வயது” என்றான் அவன். “அதற்கு முதல் வாரமும் நண்பர்களோடு ஒரு முஸ்லிம் கடையில் சாப்பிட்டேன். அன்றைக்கு அம்மா இனிமேல் அங்கே சாப்பிடக் கூடாது என்றார். அறிக்கை வந்தது. நானே வாசித்துக் காட்டினேன். ஆனால் அம்மா அந்தத் தடையை எடுக்கவேயில்லை.”

பஸ்ஸுக்குள் யாரும் உடனே பேசவில்லை. பின்னிருக்கையிலிருந்து ஒருத்தி, “எங்கட உம்மாவும் சிங்களக் கடையில சாப்பிட விடமாட்டாதான்” என்றாள். சிலர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

பினாங்கில் ஜோர்ஜ்டவுன் நகரின் ஒரே வீதியில் தேவாலயமும் சீனக் கோயிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சற்றே உள்ளே மாரியம்மன் கோயிலும் நிற்கின்றன. பள்ளிவாசல் 1801இல் தமிழ்க் கரையிலிருந்து போன முஸ்லிம் வணிகர்களால் எழுப்பப்பட்டது. ‘கப்பித்தான்’ என்பது அந்தச் சமூகத்தின் தலைவருக்கு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த பட்டம். ‘கெலிங்’ என்ற சொல்லோ இன்று அங்கே இந்திய வம்சாவளியினரை இழிவுபடுத்தும் சொல்லாகிவிட்டது. பெருமையும் சிறுமையும் ஒரே பெயர்ப்பலகையில் இருக்கின்றன.

அந்த வணிகர்களின் வழிவந்த உணவுதான் ‘நாசி கந்தார்’. ‘கந்தார்’ என்றால் காவுதடி. தடியின் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் கறியுமாகத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். 1907இல் தொடங்கிய கடையொன்று இன்றும் அங்கே நடக்கிறது. நாங்கள் சாப்பிட்டது வேறொரு சிறிய கடையில். எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் சீனர்கள். கறிச்சட்டிகள் எல்லாம் முன்னால் திறந்திருந்தன. எதிலிருந்து எடுக்கிறார், எப்படி ஊற்றுகிறார் என்பதை வாங்குபவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். சுவரில் ஹலால் சான்றிதழும் தொங்கியது. அதைக் காட்டி, இதனால்தானே வியாபாரம் என்று கேட்டேன். முதலாளி சிரித்தார். “அது நம்ம ஆளுங்களுக்கு, தம்பி. சீனன் அதைப் பாத்தா வர்றான்? அவுக அத்தா எங்க அத்தாகிட்டச் சாப்பிட்டாரு, அதனால வர்றான்.”

பரிமாறிய இளைஞன் இராமநாதபுரத்துக்காரன். பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கிறான். கடைக்கு மேலே படுக்கிறான். ஊருக்குப் போய் மூன்று வருடம். சம்பளத்தைக் கேட்டபோது பேச்சை மாற்றி, இன்னும் கொஞ்சம் கறி போடட்டுமா என்றான். ஒரு தட்டுச் சோற்றின் விலையில் அவனுடைய பங்கு எவ்வளவு என்று மாணவர்கள் மதிப்பிட முயன்றார்கள். அந்த வரிசைக்கு நேரே எண்ணை எழுதாமல் வெறுமையாகவே விட்டார்கள். அதுவே சரியென்று எனக்குப் பட்டது.

மாலையில் புடைவைக் கடைத் தெருவில் மருதமுனைப் பிள்ளை ஒரு சாரனைக் கையிலெடுத்து நின்றுவிட்டாள். கட்டம் போட்ட பருத்திச் சாரன். ‘காயின் பெலிக்காட்’ என்றார் கடைக்காரர். “சேர், இது எங்கட பளேகாட்!” என்றாள். அதேதான். பழவேற்காட்டுத் துறையிலிருந்து கப்பலேறிய துணி, மலாய் வாயில் பெலிக்காட் ஆகவும் நம் வாயில் பளேகாட் ஆகவும் மாறிவிட்டது. அவளுடைய வாப்பா தறிக்காரர். அம்பாறைப் பையன் தன் தகப்பனுக்கு ஒன்று வாங்க விலை கேட்டபோது அவள் தடுத்தாள். எழுபதால் பெருக்கிக் காட்டி, “இதைவிட நல்லது எங்கட தறியில பாதி விலைக்கு இருக்கு” என்றாள்.

நம்மவர்கள் மலேசியாவைப் பற்றிப் பேசும்போது ஓர் ஏக்கத்தோடு பேசுகிறோம். இஸ்லாமிய வங்கி, ஹலால் கைத்தொழில், ஹஜ் நிதியம் எல்லாம் அங்கே இருக்கின்றன, இங்கே ஏன் இல்லை என்கிறோம். அங்கே முஸ்லிம்கள் பெரும்பான்மை, இலச்சினையின் பின்னால் அரசு நிற்கிறது. நமக்கு அது கிடையாது. கோலாலம்பூரிலிருந்து கணக்கு முறையையும் வெளிப்படைத்தன்மையின் அவசியத்தையும் கற்கலாம். ஆனால் இங்கே எப்படி வாழ்ந்து வியாபாரம் செய்வது என்பதற்கு முன்மாதிரி பினாங்கில்தான் இருக்கிறது. சிறுபான்மையாகப் போய் இறங்கி, காவுதடியைத் தோளில் வைத்து, அயலான் சாப்பிட்டுப் பழகும்வரை திறந்த சட்டியோடு நின்றவர்கள் அவர்கள். சான்றிதழ் நம்மவருக்கு உறுதி சொல்லும். அடுத்தவனுக்கு உறுதி சொல்வது பழக்கம்தான். அம்பாறையில் ஒரு பொய் ஒரே இரவில் வென்றதற்குக் காரணம், அறிக்கை வரும்வரை நம்பிப் பொறுத்திருக்கும் அளவுக்கு அந்தப் பழக்கம் வேரூன்றியிருக்காததே. பொய்யைக் கிளப்பியவர்களின் குற்றம் இதனால் குறைந்துவிடாது. நம் கையில் இருக்கும் பங்கு எது என்பதையே சொல்கிறேன்.

திரும்பி இரண்டு மாதம் கழித்து அந்தப் பையன் இரண்டு நண்பர்களோடு மருதமுனைக்குப் போய்த் தறி பார்த்து, இரண்டு சாரன் வாங்கி, அவர்கள் வீட்டில் பகல் சோறும் சாப்பிட்டுவிட்டு வந்தான். அம்மாவிடம் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. பளேகாட் வணிகம் பற்றி அவனும் அவளும் சேர்ந்து எழுதிய அறிக்கைதான் அவ்வருடம் நான் இடையில் நிறுத்தாமல் வாசித்த ஒன்று.

அடுத்த குழுவுக்காக நான் கொடுத்த நிகழ்ச்சிநிரலில் இரண்டு திருத்தங்கள் செய்திருக்கிறேன். கோலாலம்பூரில் ஒரு நாளைக் குறைத்துப் பினாங்குக்குக் கொடுத்திருக்கிறேன். புறப்படுவதற்கு முந்திய வாரம் ஒரு நாள் மருதமுனைத் தறிகளிலும் ஒரு நாள் அம்பாறைச் சந்தையிலும் எல்லாரும் இருக்கவேண்டும். அதற்கு விசாவும் வேண்டாம், எழுபதால் பெருக்கவும் வேண்டாம்.