பெயரை இரவல் வாங்காத இயந்திரம்

போலி என்றவுடன் முகஞ் சுளித்தல் நம் வழக்கம். ஆயினும், பொய்யற்ற போலியும் உண்டு என்பதற்குப் புகையிரத இயந்திரம் ஒன்று சான்றாக நிற்கின்றது.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், லிண்டனையும் பார்ன்ஸ்டபிளையும் இணைத்த 19 மைல் இருப்புப்பாதை 1898இல் திறக்கப்பெற்று 1935இல் மூடப்பட்டது. தண்டவாளங்களின் இடைவெளி 1 அடி 11½ அங்குலமே. அங்கு ஓடிய ஐந்து நீராவி இயந்திரங்களும் அப்பகுதி ஆறுகளின் பெயர்களைத் தாங்கியவை. நான்கு உடைபட்டுப் பழைய இரும்பாயின. 1925இல் வந்த 'லியூ' மட்டும் 1936இல் பிரேசிலுக்குக் கப்பலேறிற்று. பின்னர் அதன் கதியை உறுதியாக அறிந்தார் இலர்.

அதன் சாயலிலேயே, வேல்ஸ் நாட்டுப் பெஸ்டினியொக் புகையிரதப் பகுதியார் தம் பட்டறையில் புதிய இயந்திரம் ஒன்றைச் செய்து 2010இல் முடித்தனர். அதற்கும் 'லியூ' என்றே பெயரிட்டிருக்கலாம்; தடுப்பார் யார்? அவர்களோ டெவனின் வேறோர் ஆற்றின் பெயரை எடுத்து 'லிட்' எனச் சூட்டினர். தொலைந்ததன் பெயர் தொலைந்ததற்கே உரியது எனக் கருதினர் போலும்!

முன்னோர் செய்ததைப் பார்த்துச் செய்தல் இழிவன்று, அது கல்வி. அவர்தம் பெயரையுஞ் சேர்த்துக் கவர்தலே களவு. இவ்வேறுபாட்டை நாம் மாணவர்க்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகின்றோம். அவ்வியந்திரமோ தண்டவாளத்தில் ஓடிக் காட்டிற்று.