தரங்கம்பாடிக்குக் கப்பல் விட்ட ஊர்

2025 மே லீவில் சித்தப்பா வீட்டுக்குக் கோபன்ஹேகன் போயிருந்தேன். டென்மார்க்கின் தலைநகரம், பழைய துறைமுகம். வழிகாட்டியோடு கயாக்கில் ஊர் சுற்றிப் பார்க்கலாம். கயாக் என்றால் ஒல்லிப் படகு, துடுப்பு நாமேதான் போடணும். எனக்கு நீச்சல் தெரியாது! லைஃப் ஜாக்கெட் போட்டும் உள்ளுக்குள் உதறல்தான்.

தண்ணீரை ஒட்டி ஒரு பெரிய கிடங்கு. ஆசியச் சரக்கு வைக்க 1750 வாக்கில் கட்டியதாம். வழிகாட்டி அக்கா, "நீ எந்த ஊர்?" என்றார். "தரங்கம்பாடி பக்கம்."

"டிரான்கேபாரா!" துடுப்பையே நிறுத்திட்டாங்க.

1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி நம்ம கோட்டையைக் கட்டினவங்க, 1845ல் ஆங்கிலேயருக்கு வித்தவங்க, எல்லாரும் இந்த ஊர்க்காரங்கதான். கிளம்பினவங்களில் நிறையப் பேர் திரும்பவே இல்லையாம்.

எதிர்க்கரையில் பழைய வணிக மாளிகை. கோட்டை கட்டின அதே ராஜா நான்காம் கிறிஸ்டியான் கட்டியது. நாலு டிராகன் வால்களை முறுக்கின மாதிரி இருந்த கோபுரம் 2024 ஏப்ரலில் தீப்பிடித்துச் சரிஞ்சுடுச்சு. நாங்க போனப்போ சாரம் கட்டி வேலை நடந்தது. அதைச் சொல்லும்போது அக்காவுக்குக் குரல் கம்மிடுச்சு.

நானும் நம்ம மாசிலாமணிநாதர் கோயிலைப் பாதி கடல் கொண்டுபோனதைச் சொன்னேன், திக்கித் திக்கி இங்கிலீஷில்தான்! அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவா, "மா... சி... லா... மணி" என்று சொல்லிப் பார்த்தாங்க.