நெருப்பு வண்டியும் நெருப்புக் காலும்

சிங்கப்பூர் ஆபீஸ். பக்கத்து சீட் சீனத் தோழி மதியம் ஹாம் சாண்ட்விச்சைப் பிரிச்சாங்க.

"ட்ரெயினுக்கும் ஹாமுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டேன்.

ஒண்ணுமில்லையேன்னாங்க.

அப்புறம் சட்டுனு சிரிப்பு.

சீனத்துல ட்ரெயின், ஹுவோ சே. நெருப்பு வண்டி.
ஹாம், ஹுவோ துய். நெருப்புக் கால்!

2007-ல தியெரி, வூன்னு ரெண்டு ஆய்வாளர்கள் இந்த மாதிரி ஜோடிகளை வச்சுத்தான் சோதிச்சாங்க. சீனர்கள் படிச்சது வெறும் இங்கிலீஷ் வார்த்தை. ஆனா அதோட சீன மொழிபெயர்ப்புல மறைஞ்சிருந்த எழுத்து ஒண்ணா இருந்தப்போ மூளையோட மின் அலை மாறியிருக்கு. படிச்சவங்களுக்கே தெரியாம!

அவங்களுக்காவது உள்ளுக்குள்ள.
நான் இங்கிலீஷ்ல மெயில் அடிச்சா தமிழ் முணுமுணுப்பு பாஸ் ரூம் வரைக்கும் கேக்குதாம்.

உங்களுக்குள்ள யாருங்க முணுமுணுக்கிறது?