இன்னும் எத்தனை திருடுவார்?

1997 பேஸ்பால் சீசன் முடிந்தபோது ரிக்கி ஹெண்டர்சனின் கணக்கில் 1,231 திருட்டுகள் இருந்தன. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று அவருக்கு 39 வயது நிறைந்தது. ஓட்டத்தை நம்பிப் பிழைக்கும் ஆட்டக்காரனுக்கு அது வேலை தேடும் வயதல்ல, கோச்சாகும் வயது. இருந்தும் மனிதர் அடுத்த சீசனுக்கு அணி தேடிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் குளிர்கால மாதங்களில் மைதானங்கள் மூடிக் கிடக்கும். ரசிகர்களுக்கு மிஞ்சுவது எண்கள்தான். ஒரு நட்சத்திரம் ஓய்வு பெறும்போது அவருடைய மொத்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று போட்டுப் பார்ப்பது அவர்களுடைய பழைய பொழுதுபோக்கு. ஹெண்டர்சனைப் போல அந்தப் பொழுதுபோக்கைப் பாடாய்ப் படுத்திய ஆட்டக்காரர் வேறு ஒருவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

பேஸ்பாலில் திருடுவது சட்டபூர்வமான காரியம். முதல் பேஸில் நிற்பவர், பிட்சர் பந்தை வீசத் தொடங்கியதும் இரண்டாவது பேஸை நோக்கி ஓடுகிறார். பேட்ஸ்மேன் பந்தைத் தொட வேண்டியதே இல்லை. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் கையில் பந்து இருக்கும்போதே 'பை' ஓடத் துணிவதைப் போன்ற அகம்பாவம் அது. பேஸ்களுக்கு இடையில் 90 அடி. அதில் சுமார் 12 அடியை முன்கூட்டியே நகர்ந்து நின்று மிச்சப்படுத்தலாம். பிட்சர் கையிலிருந்து கேட்சருக்குப் பந்து போக ஏறக்குறைய 1.3 விநாடி. கேட்சர் அதைப் பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிய இன்னும் 2 விநாடி. மூன்றேகால் விநாடி சொச்சத்தில் போய்ச் சேர்ந்தால் திருட்டு. இல்லையென்றால் அவுட், அதோடு சொந்த அணிக்காரர்களின் முறைப்பு.

ஹெண்டர்சன் 1979 ஜூனில் ஓக்லாண்ட் அணிக்கு வந்தார். வந்த பாதி ஆண்டில் 33. அடுத்த ஆண்டு சரியாக 100. மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 1915 முதல் டை காப் வைத்திருந்த 96 அதோடு போயிற்று. 1982-இல் 130. செயின்ட் லூயிஸின் லூ ப்ராக் 1974-இல் எடுத்த 118-ஐ ஆகஸ்ட் மாதமே தாண்டிவிட்டார். அதே ஆண்டு 42 முறை பிடிபட்டதும் ஒரு சாதனைதான், அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. 1991 மே 1-ஆம் தேதி மூன்றாவது பேஸைத் திருடி ப்ராக்கின் வாழ்நாள் கணக்கான 938-ஐக் கடந்தார். பேஸைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். தன்னைவிடப் பெரியவன் யாரும் இல்லை என்று, ப்ராக்கை அருகில் வைத்துக்கொண்டே, ஒலிபெருக்கியில் அறிவித்தார். அடக்கம் அவருக்குத் தெரிந்த வித்தைகளில் ஒன்றல்ல. அன்று இரவே டெக்ஸஸில் 44 வயது பிட்சர் நோலன் ரயன் தன் ஏழாவது 'நோ ஹிட்டர்' (எதிரணிக்கு ஒரு ஹிட்டும் தராத ஆட்டம்) வீசி, மறுநாள் செய்தியில் பாதியைப் பறித்துக்கொண்டார்.

கணக்குப் போடும் ரசிகர்களுக்கு ஒரு சூத்திரம் இருந்தது. அதைத் தந்தவர் பில் ஜேம்ஸ். கான்சஸில் பன்றி இறைச்சியும் பீன்ஸும் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் இரவுக் காவல் வேலை பார்த்துக்கொண்டே பேஸ்பால் எண்களைத் துருவியவர். 1977-இல் தன் முதல் தொகுப்பைத் தானே அச்சிட்டு விற்றார். இந்தச் சூத்திரத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஃபேவரிட் டாய்', அதாவது மனசுக்குப் பிடித்த விளையாட்டுச் சாமான். முக்கியமாக ஹிட், ஹோம் ரன் போன்ற பெரிய மைல்கற்களை யார் எட்டுவார் என்று பார்க்க உருவானது. எதற்கும் பொருத்திப் பார்க்கலாம்.

செய்முறை சுலபம். கடைசி ஆண்டின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கு, அதற்கு முந்தையதை இரண்டால், அதற்கும் முந்தையதை அப்படியே சேர். கூட்டி ஆறால் வகு. இது ஆளின் இப்போதைய தரம். இனி எத்தனை ஆண்டு ஆடுவார்? வயதை 0.6-ஆல் பெருக்கி 24-இல் கழி. 25 வயதுக்காரருக்கு ஒன்பது ஆண்டு கிடைக்கும், 35 வயதுக்காரருக்கு மூன்று. எவ்வளவு வயதானாலும் முழுநேரம் ஆடுபவருக்குக் குறைந்தது ஒன்றரை ஆண்டு உண்டு என்று ஜேம்ஸ் ஒரு கருணைக் கொடையும் வைத்திருந்தார்.

1993 சீசன் முடிவில் ஹெண்டர்சன் 1,095-இல் இருந்தார். ஜப்பானில் ஹான்க்யூ ப்ரேவ்ஸுக்கு ஆடிய யுடாகா ஃபுகுமோட்டோவின் 1,065-ஐயும் அந்த ஆண்டுதான் தாண்டியிருந்தார். அந்த டிசம்பரில் 35 வயது. கடைசி மூன்று ஆண்டுகளில் 58, 48, 53. சூத்திரப்படி தரம் 52, மிச்சம் மூன்று ஆண்டு, ஆக இன்னும் 156. மொத்தம் 1,251.

இதைக் கஞ்சத்தனமான மதிப்பீடு என்று அன்று யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ப்ராக் 118 திருடியதே 35 வயதில்தான். அதற்குப் பிறகு 56, 56, 35, 17, 21 என்று ஐந்து ஆண்டில் இறங்கிவந்து ஓய்ந்தார். வின்ஸ் கோல்மன் கதை இன்னும் கடுமை. 1985 முதல் மூன்று ஆண்டுகளில் 110, 107, 109 என்று திருடிய ஒரே ஆள் அவர். முதல் ஆண்டே, ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் தானாக உருண்டுவரும் தார்ப்பாய் இயந்திரம் அவர் காலில் ஏறியதால் உலகத் தொடரைத் தவறவிட்டார். (எந்தக் கேட்சராலும் பிடிக்க முடியாதவரை ஒரு தார்ப்பாய் பிடித்தது.) அதிலிருந்து மீண்டு வந்து ஓடினார். முதல் ஆறு ஆண்டில் 549 சேர்த்தவர் பிறகு மெட்ஸ் அணியில் மூன்று ஆண்டில் 99 மட்டுமே எடுத்தார். 35 வயதில் 752-உடன் வீட்டுக்குப் போனார்.

ஆரம்பத்தில் சூத்திரமே தாராளமாகப் போட்டுவிட்டதோ என்றுதான் தோன்றியது. ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் ஆகஸ்டிலேயே நின்றுபோன 1994-இல் 22, அடுத்து 32, அடுத்து 37. மூன்று ஆண்டில் 156 வர வேண்டிய இடத்தில் 91 வந்தது. ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவில் மூட்டை கட்டியிருக்க வேண்டியவர் கட்டவில்லை. 1997-இல் சான் டியாகோ, அனாஹெய்ம் இரண்டிலும் ஆடி 45.

அந்தக் குளிர்காலத்துக்கு வருவோம். வயது 39. சூத்திரம் அவருக்கு 0.6 ஆண்டுதான் தந்தது; கருணைக் கொடையால் அது ஒன்றரையானது. தரம் 40. மிச்சம் 60, மொத்தம் 1,291. ஓக்லாண்ட் அவரை நான்காவது முறையாகக் கூப்பிட்டது. 1998-இல் அவர் 66 திருடினார். மிச்ச வாழ்நாளுக்கென்று சூத்திரம் அளந்து கொடுத்ததை ஒரே சீசனில் செலவழித்து, மேலே ஆறும் எடுத்துக்கொண்டார். அமெரிக்கன் லீகில் அந்த ஆண்டு யாரும் அவ்வளவு திருடவில்லை. 39 வயதில் லீகின் முதல் திருடனாக அதற்கு முன் எவரும் இருந்ததில்லை.

எப்படி என்பதற்கு அந்த ஆண்டின் மற்ற எண்கள் பதில் சொல்கின்றன. பேட்டிங் சராசரி .236. எந்த மேனேஜரும் பெருமைப்படாத எண். ஆனால் 118 முறை 'வாக்' வாங்கினார், அதுவும் லீகிலேயே அதிகம். நாலு மோசமான பந்துகளை அடிக்காமல் விட்டால் முதல் பேஸ் இலவசம். ஹெண்டர்சன் குந்தியபடி நின்று தன் உயரத்தையே சுருக்கிக்கொள்வார், பிட்சருக்குக் குறி வைக்கும் பரப்பு பாதியாகிவிடும். திருட முதலில் பேஸுக்குப் போக வேண்டும். கால் தளர்ந்தாலும் கண் தளரவில்லை. இன்னும் சொன்னால், வயதாக ஆகப் பந்தைப் பொறுத்திருந்து பார்ப்பவன் மேம்படவே செய்கிறான்.

முதல் பேஸில் அவர் நிற்கும் விதத்தைப் பழைய வீடியோக்களில் பார்க்கலாம். முழங்கால் மடிந்து, கைகள் இரண்டும் முன்னால் தொங்க, விரல்கள் மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். கண் பிட்சரைவிட்டு அகலாது. பந்து முதல் பேஸுக்கு வரப்போகிறதா, ஹோம் பிளேட்டுக்குப் போகப்போகிறதா என்பதை ஒவ்வொரு பிட்சரின் உடம்பும் ஏதோ ஒரு இடத்தில், குதிகாலிலோ தோளிலோ, ஒரு கணம் முன்னதாகச் சொல்லிவிடும். இருபது ஆண்டு லீகைப் பார்த்தவருக்கு அது பாடம். முடிவில் தலை முன்னால் பாயும் சறுக்கல். விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் ஒருமுறை மெத்தென்ற தரையிறக்கத்தை உணர்ந்து விமானியிடமே விசாரித்ததாகவும், தாழ வந்து இறங்குவதுதான் ரகசியம் என்று அறிந்து தன் பாய்ச்சலைத் தரையோடு தரையாக மாற்றிக்கொண்டதாகவும் அவரே சொன்ன கதை உண்டு. எவ்வளவு நிஜமோ, ஆனால் அந்தச் சறுக்கல் விமானம் இறங்குவதைப் போலத்தான் இருந்தது.

கிழத் திருடர்கள் அதற்கு முன்னும் உண்டு. டேவி லோப்ஸ் 1985-இல் 40 வயதில் சிகாகோ கப்ஸுக்காக 47 திருடினார். பிடிபட்டது நாலே முறை. ஓட்டிஸ் நிக்சன் 38 வயதில் 59. வேகம் குறைந்தவன் ஆள் பார்த்து ஓடுகிறான், பிடிபடுவதும் குறைகிறது. மூன்றில் இரண்டுக்கு மேல் வெற்றி இல்லாத திருட்டு அணிக்கு நஷ்டம் என்று புள்ளிவிவரக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் 172 முறை ஓடி 130 எடுத்த 23 வயது ஹெண்டர்சனைவிட, 79 முறை ஓடி 66 எடுத்த 39 வயது ஹெண்டர்சனே கெட்டிக்காரர்.

40 வயதில் மறுபடி கணக்குப் போட்டால் 1,378 வந்தது. மெட்ஸ், சியாட்டில், சான் டியாகோ என்று சுற்றியே அதையும் தாண்டி, 2001 முடிவில் 1,395-ஐத் தொட்டார். மூன்று முறை ஏமாந்த சூத்திரம் இந்த முறை 46 தந்தது: மொத்தம் 1,441. இப்போது யாராவது பந்தயம் கட்டியிருந்தால் அதைவிடக் கூடுதலாகத்தான் கட்டியிருப்பார்கள்.

பாஸ்டனுக்காக 2002-இல் 8. டாட்ஜர்ஸுக்காக 2003-இல் 3, ஒருமுறைகூடப் பிடிபடவில்லை. 1,406-இல் கணக்கு நின்றது.

கால்கள் நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 2004-இல் நியூவர்க் பேர்ஸ் என்ற, மேஜர் லீகோடு ஒட்டுறவில்லாத அணிக்கு 91 ஆட்டம் ஆடினார். திருடியது 37, பிடிபட்டது 2. அடுத்த ஆண்டு சான் டியாகோ சர்ஃப் டாக்ஸ் என்ற இன்னும் சின்ன அணியில் 16, அங்கும் பிடிபட்டது 2. சூத்திரம் கேட்ட 46-ஐவிட இந்த இரண்டும் சேர்ந்து ஏழு அதிகம். சிறிய லீகின் பிட்சர்கள் மேஜர் லீக் பிட்சர்கள் அல்லர், உண்மைதான். ஆனாலும் 46 வயதில் ஓடிக்கொண்டிருந்த மனிதரை நிறுத்தியது தசையல்ல. ஆட்டப் பட்டியலில் அவர் பெயரை எழுத எந்த மேஜர் லீக் மேனேஜரும் இல்லாமல் போனதுதான். வயதை 0.6-ஆல் பெருக்கும் கணக்கில் அதற்கு இடமில்லை.

2006-இல் மெட்ஸ் அவரைப் பயிற்சியாளராக அழைத்தது, இளம் ஷார்ட்ஸ்டாப் ஹோசே ரேயஸுக்குத் திருடக் கற்றுத்தர. ரேயஸ் ஏற்கெனவே 2005-இல் 60 எடுத்தவர். 2006-இல் 64, 2007-இல் 78. அடுத்த சீசனுக்கு வயது 25. கையிருப்பு 234, தரம் 70-க்குச் சற்று மேல், மிச்சம் ஒன்பது ஆண்டு; சூத்திரம் 867 என்றது. ப்ராக்கையே எட்டிப் பார்க்கும் எண். 2009-இல் தொடைத் தசை கிழிந்து அந்த ஆண்டு 11-உடன் முடிந்தது. அதன் பிறகு ஒரு சீசனிலும் அவர் 40-ஐத் தாண்டவில்லை. 2018-இல் கடைசி ஆட்டம் ஆடியபோது ரேயஸின் மொத்தம் 517.