யாருடைய எண்

ராணுவ வண்டி அல்லாத எதற்கும் நம் நாட்டில் ஆலிவ் பச்சை பூசக்கூடாது. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி இது. பழைய ராணுவ வண்டியை வாங்கி, அது படையில் இருந்த கோலத்துக்கே திருப்பிக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் தடை இதுதான். டிஸ்போஸல் ஏலத்தில் எடுத்த ஜீப்போ புல்லட்டோ ஆர்.டி.ஓ. அலுவலகம் போகுமுன் நிறம் மாறியாக வேண்டும். நம்பர் பிளேட்டில் மேல்நோக்கிய அம்புக்குறி, அதையடுத்து வண்டி வாங்கிய வருஷத்தின் இரண்டு இலக்கங்கள், எல்லாம் அழிந்துவிடும். வாங்கியவனுக்கு வண்டி கிடைக்கிறது; அதன் பூர்வாசிரமம் கிடைப்பதில்லை.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ராணுவ நிறத்தில் யார் வேண்டுமானாலும் உலவலாம் என்றால் விபரீதம். எனக்கு விசித்திரமாகப் படுவது வேறு. எங்கள் பக்கத்துத் திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்ததே ராணுவத்துக்காகத்தான். ஐம்பதுகளில் எல்லை ரோந்துக்காக அரசு கேட்ட 350 சி.சி. வண்டிகள் 800. அதன் விளைவாக 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அந்த வண்டி சுமந்த குறிகளை இன்று ஒருவன் தன் புல்லட்டில் எழுத முடியாது. ஆனால் 2018இல் ராயல் என்ஃபீல்டு 'பெகாஸஸ்' என்று ஒரு 500 சி.சி. வண்டி விட்டது. உலகத்துக்கு 1000, இந்தியாவுக்கு 250. பிரிட்டிஷ் பாராசூட் படையின் சிறகுக் குதிரைச் சின்னம், டாங்கில் வரிசை எண், கான்வாஸ் பைகள். பச்சை வெளிநாட்டாருக்கு, நமக்குப் பழுப்பு மட்டும். 250 வண்டிகளும் 178 விநாடிகளில் விற்றுப்போயின. நம் படையின் அம்புக்குறி விலக்கப்பட்டது, அந்நியப் படையின் குதிரை விற்பனைக்குரியது.

அந்தக் குதிரை யாருடையது என்பதும் சுலபமான கேள்வி இல்லை. எந்த வண்டியின் நினைவாக பெகாஸஸ் வந்ததோ அந்த 125 சி.சி. 'ஃப்ளையிங் ஃப்ளீ'யே ஒரு நகல். ஹாலந்தில் டி.கே.டபிள்யூ. விற்றுவந்த நிறுவனத்தின் இயக்குநர்கள் யூதர்கள் என்பதற்காக ஜெர்மனி அவர்களிடமிருந்து ஏஜென்ஸியைப் பறித்தது. அவர்கள் என்ஃபீல்டிடம் போய் அதே மாதிரி ஒன்று செய்து தரச் சொன்னார்கள். யுத்தம் வந்ததும் ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. ஜெர்மானிய வண்டியின் நகல் ஜெர்மானியருக்கு எதிராகவே கூண்டில் வைத்து வானத்திலிருந்து இறக்கப்பட்டது. இந்தக் கதையில் ஒரு நிர்ப்பந்தம் இருக்கிறது, ஆகவே நகலுக்கு உயிர் இருக்கிறது. 178 விநாடியில் எந்த நிர்ப்பந்தமும் இல்லை. நம் புதுக்கவிதையில் கிரேக்கக் குதிரைகள் இப்படி வந்து இறங்கும்போது நான் படிமம் என்று ஒப்புக்கொள்வதில்லை. பெட்ரோல் டாங்கில் வந்து இறங்கினால் மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

எம்.கே.பி. நகரில் எனக்குத் தெரிந்த ஒரு இளைஞர், எஞ்சினியர், யுத்தகாலத்து என்ஃபீல்டு ஒன்றை மூன்று வருஷம் உழைத்துச் சீராக்கியிருக்கிறார். (மகாகவி பாரதி நகர் என்பது முழுப்பெயர். பஸ் போர்டில் மூன்று எழுத்தானதில் கவி காணாமல் போய்விட்டார்.) அவர் பெகாஸஸ் ரகம் இல்லை, படித்தவர். 1942லிருந்து 44 வரை பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் பழுப்புதான் பூசினார்கள், ஆலிவ் அதற்கப்புறம்தான் வந்தது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆகவே அவருடைய பழுப்பு சட்டத்துக்கும் பொருந்துகிறது, சரித்திரத்துக்கும். ஹெட்லைட்டுக்குக் கீற்று விட்ட முகமூடி. டாங்கின் இரு பக்கமும் வெள்ளையில் 'சி' என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் வரவேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு சி, லாரிக்கு எல்.

எழுதக் கூப்பிட்டது எங்கள் குறுக்குத் தெரு நம்பர் பிளேட்காரரை. 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்குக் கம்பெனியிலிருந்தே பாதுகாப்புப் பிளேட் வந்துவிடுவதால் அவருக்குத் தொழில் ஏறக்குறைய இல்லை. இருந்தும் தூரிகையை எடுக்காமல் நின்றார்.

"இது யாரோட நம்பர் சார்?"

ஒரு புகைப்படத்தில் இருந்த வண்டியின் எண் என்றார் இளைஞர். தன் வண்டியின் எண் பல தடவை வர்ணம் பூசியதில் அழிந்துவிட்டது.

"அப்ப அது வேற வண்டி. ஆர்.சி. புக்கு பாக்காம நான் நம்பர் எய்தினதே இல்ல சார்."

என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு சார், பேங்க்ல ஒத்துப்பாங்களா?" என்றார். ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எஞ்சின் நம்பரில் ஒரு இலக்கம் மாறினால் கடன் பேப்பரைத் திருப்பி அனுப்புவது என் வேலை. "நீங்க சொல்றது சரிதாண்ணே" என்றேன். இளைஞருக்கு வருத்தம். டாங்க் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ அந்த வண்டியிலேயே சரியான இடம் அதுதான் என்று படுகிறது.

ஹாண்டில்பாரில் ரப்பர் பிடி இல்லை, கான்வாஸ் சுற்றியிருந்தது. கேட்டேன். "ரப்பர் தட்டுப்பாடு சார். 1942க்கப்புறம் இப்படித்தான்" என்று பெருமையோடு சொன்னார். அவர் படித்த புத்தகங்கள் அதோடு நின்றுவிடுகின்றன. தட்டுப்பாடு வந்தது மலாயா ஜப்பானியர் கையில் விழுந்ததால். மலாயாவின் ரப்பரைப் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தோட்டம் நின்றதும் அவர்களில் பல்லாயிரம் பேரை சயாம்-பர்மா ரயில் பாதை போட ஏற்றிப் போனார்கள். வண்டிக்கு ரப்பர் இல்லாமல் போனதும் அவர்கள் இல்லாமல் போனதும் ஒரே காரணத்தால். அந்தக் கான்வாஸை விட ஸ்தூலமான யுத்தச் சின்னம் அந்த வண்டியில் வேறில்லை. கையால் பிடித்துப் பார்த்தேன். சொரசொரப்பாக இருந்தது.

தாய்லாந்தில் காஞ்சனபுரியில் அந்தப் பாதையில் மாண்ட யுத்தக் கைதிகளுக்கு ஒரு மயானம் இருக்கிறது. சுமார் 7000 சமாதிகள். அடையாளம் தெரிந்தவற்றில் பெயர், படைப்பிரிவு, எண் எல்லாம் பொறித்திருக்கிறது. தோட்டத்துக் கூலிகள் அந்த வரிசைகளில் இல்லை. என் பாட்டியின் சின்னண்ணன் பேராக்கில் ரப்பர் வெட்டப் போனவர். பாட்டி வைத்திருந்தது அவரிடமிருந்து வந்த ஒரு கடித உறை. ஈப்போ தபால் முத்திரை, 1941. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.