பெரியப்பாவை வெளியேற்றிய ஒரு வரி

தை பிறந்து நாலு நாள். சம்பா தலை சாய்ந்து நிற்கிறது. கீழ்வேளூர்ப் பக்கம் இந்த நேரத்தில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "மிஷின் எங்க நிக்குது?"

மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணி கடைசியில்தான் வரும். சேதியும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் டெலிகிராமில் ஒரு குழு ஆரம்பித்தோம். நூறு பேருக்கு மேல் ஆகிவிட்டது. அறுவடை மிஷின் யார் வயலுக்கு எப்போது வரும், கொள்முதல் நிலையத்தில் இன்றைக்கு யார் நெல் என்பதெல்லாம் அதில்தான். கடன் தருகிறேன், லாட்டரி விழுந்தது என்று கண்டவன் உள்ளே புகுந்ததால், சென்னையில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் செய்து குழுவில் விட்டான். நாங்கள் அதற்கு வைத்த பேர் கணக்குப்பிள்ளை. குப்பையைக் கூட்டும், மிஷின் வரிசையையும் எழுதி வைக்கும்.

ஒருநாள் காலை பெரியப்பா வரிசையாக நாலு பிள்ளையார் படம் போட்டார், காலை வணக்கத்தோடு. கணக்குப்பிள்ளை அவரையே குழுவை விட்டு வெளியேற்றிவிட்டது.

அது யாருக்கும் தெரியவில்லை. அன்று மதியம் மிஷின் அவர் வயலுக்கு வரும் என்ற சேதி குழுவில் வந்தது. அவருக்குப் போகவில்லை. வயலில் ஆளைக் காணோம் என்று மிஷின்காரர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். திரும்ப மூன்று நாள் ஆனது. நடுவில் ஒரு தூறல். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் விதிப்படி எடுக்க மாட்டார்கள். அறுத்த நெல்லை ரோட்டில் கொட்டி, கிண்டிக் கிண்டிக் காயவைத்தார், எழுபத்திரண்டு வயதில்.

மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். "மாமா, பாத்துட்டேன். தப்பு அது மேல இல்ல, நான் எழுதுனதுல இருக்கு" என்றான்.

இந்த ஏஜென்டுக்கு நம் கையில் மண்வெட்டி, கதிர் அரிவாள் இருப்பதுபோல சில கருவிகள் கொடுக்கிறார்கள். கருவிக்குள் என்ன நடக்கிறதென்று அதற்குத் தெரியாது. பேரையும், பக்கத்தில் எழுதிய விளக்கத்தையும், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்பதையும் படித்துத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்யும். இவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

அழி: பதிவை அழிக்கும்.
நீக்கு: தேவையில்லாததைக் குழுவிலிருந்து நீக்கும்.

குழுவில் போடுகிற செய்தியும் பதிவு, மிஷினுக்குப் பேர் கொடுப்பதும் பதிவு. மிஷின் வரிசை அழிந்துவிடுமோ என்று அது 'அழி'யை விட்டுவிட்டு 'நீக்கு'வை எடுத்திருக்கிறது. அந்த 'நீக்கு' ஆளைத் தடை செய்கிற கருவி. புது ஆளிடம் "மடையை அடைச்சுடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால், எந்த மடை என்று அவன் எதைக் கண்டான்?

டெலிகிராமின் சொந்தக் கட்டளைப் பேரிலேயே இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது. ஆளை வெளியேற்றும் கட்டளைக்கு முன்பு 'கிக் சாட் மெம்பர்' என்று பேர். சும்மா வெளியே தள்ளுவது, அவர் திரும்ப வந்துகொள்ளலாம் என்றுதான் தோன்றும். ஆனால் சூப்பர் குரூப்பில் அது தடையே போட்டுவிடும், தடையை எடுக்கும்வரை வர முடியாது. 2021 ஜூனில் பேரை 'பேன் சாட் மெம்பர்' என்று மாற்றினார்கள். தடையை எடுக்கும் கட்டளைக்கும் ஒரு குணம் உண்டு. ஏற்கெனவே குழுவில் இருப்பவர் மேல் அதைப் போட்டால் அவரையும் வெளியே அனுப்பிவிடும், 'தடையில் இருந்தால் மட்டும்' என்று சேர்த்துச் சொல்லாவிட்டால்.

தடையை எடுத்தாலும் ஆள் தானாக உள்ளே வந்துவிட மாட்டார். லிங்கை அவர்தான் அழுத்த வேண்டும். பெரியப்பா அழுத்தவில்லை. "நானா வெளிய போனேன்? ஊரை விட்டுத் தள்ளி வச்ச மாதிரி பண்ணிட்டு, இப்ப லிங்கு அனுப்புறானுவ."

பொங்கல் விடுமுறை முடிந்துவிட்டது என்றாலும் மாப்பிள்ளை அந்த வார சனிக்கிழமையே ரயிலேறி வந்தான். பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாற்றி எழுதினான்:

செய்தியை_அழி: குழுவில் வந்த ஒரு செய்தியை மட்டும் அழிக்கும். அனுப்பியவர் குழுவிலேயே இருப்பார். மிஷின் வரிசையைத் தொடாது. அழித்த செய்தி திரும்ப வராது.

ஆளைத்_தடைசெய்: ஒருவரைக் குழுவிலிருந்து வெளியேற்றி, திரும்ப வரவிடாமல் தடுக்கும். மோசடி விளம்பரத்துக்கு மட்டும். ஒரே படத்தைப் பலமுறை போடுவதற்கு இதை எடுக்காதே.

"படி" என்றார் பெரியப்பா. படித்தான். "மோசடின்னு யாரு முடிவு பண்றது?"

"அதுதான் தாத்தா."

"அது எப்புடிடா? வரிசையில பேரு இருக்கறவன நிறுத்தறதுன்னா எவனையாச்சும் ஒரு மனுசனக் கேக்கணும்ல?"

மூன்றாவது வரி அப்படித்தான் சேர்ந்தது: 'மிஷின் வரிசையில் பேர் உள்ளவர் என்றால் தடை செய்யாதே, பொறுப்பாளரைக் கேள்.' விளக்கத்தில் எழுதினால் மட்டும் போதாது என்று, வரிசையில் பேர் இருந்தால் கருவியே ஓடாதபடியும் மாப்பிள்ளை பூட்டு போட்டான். அப்புறம்தான் பெரியப்பா போனை எடுத்து லிங்கை அழுத்தினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே பிள்ளையார், நாலு தடவை. கணக்குப்பிள்ளை மூன்றை அழித்தது. ஒரு பிள்ளையாரும் பெரியப்பாவும் குழுவில் இருக்கிறார்கள்.